தாமே கூடும் துகள்கள்

ஒரே அளவான நான்கு தேசிக்காய்களைத் துணியிலிட்டு இறுக முடிந்தால், அவை மூன்றின்மேல் ஒன்றாக அமரும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது எனின் அவ்வொழுங்கு பிறவாது. கண்ணுக்குப் புலனாகாத துகள்களிடத்தும் இதுவே நியதி. ஆதலின், துகள்கள் தாமே கூடி வடிவு கொள்ளும் வரலாறு, முதலில் அளவொத்த துகளைத் தேடிய வரலாறாகும்.

அணு மெய்ப்பொருளா, வெறுங் கற்பனையா என்னும் வழக்கு முடியாதிருந்த காலம் அது. 1908 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து ழான் பெரின் அவ்வழக்கைத் தீர்க்க முற்பட்டார். அதற்கு நீரில் மிதக்கும் சமனான மணிகள் வேண்டியிருந்தன. ஓவியர் மஞ்சள் வண்ணத்துக்குப் பயன்படுத்தும் ஒருவகை மரப்பிசினை அவர் எடுத்துக்கொண்டார். அம்மரம் நம் சமையலுக்கு உதவும் கொறக்காவின் இனத்தது. பிசினை நீரிற் கரைத்து, சுழற்றுபொறியிலிட்டு மீண்டும் மீண்டும் பிரித்தார். ஒரு கிலோகிராம் பிசினிலிருந்து பல மாத உழைப்பின் பின் கிடைத்த நல்ல மணிகள் ஒரு கிராமுக்கும் குறைவே! எனினும் அச்சிறு பிடியே அணுவின் உண்மையை நாட்டிற்று. 1926 இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

1947 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில், செயற்கைப் பாற்பொருளொன்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியோர் வியந்தனர். அதிலிருந்த பொலிஸ்ரைரீன் துகள்கள் யாவும் ஒரே அளவின. எவரும் திட்டமிட்டுச் செய்தவையல்ல. ஆயினும் அவை மிகச் சிறியவை. பெரிய துகளை ஆக்க முயன்றால் சமன் கெட்டது. புவியீர்ப்பின் இடையூறு நீங்க விண்வெளியே தக்க இடமென ஒருசாரார் கருதினர். 1982 முதல் அமெரிக்க விண்ணோடத்தில் அவ்வாறே செய்யப்பட்ட கோளங்கள், 1985 இல் அளவைப் பொருளாக விற்பனைக்கும் வந்தன. நோர்வே நாட்டுப் பேராசிரியர் யோன் உகெல்ஸ்தாட்டோ, 1976 ஆம் ஆண்டிலேயே தரையில் நின்று வழி கண்டிருந்தார். சிறு துகள்களை, உழுந்து நீரில் ஊறுவதுபோல, மூலத் திரவத்தில் ஊறிப் பருக்கச் செய்தார். எல்லாம் ஒருபடித்தாகப் பெருத்தன. பின்னாளில் இரும்பு ஒட்சைட்டு ஏற்றிய அத்தகைய மணிகள், குருதியிலிருந்து வேண்டிய கலங்களைக் காந்தத்தாற் பிரித்தெடுக்க உதவின.

வடிவு கொள்ளும் கதை 2003 இல் வெளியாயிற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் மனோகரன், எல்செசர், பைன் ஆகிய மூவர், தொலுயீன் ஊறிப் பருத்த பொலிஸ்ரைரீன் கோளங்களை நீரிடையே நுண்துளிகளாகச் சிதறினர். துளிக்குள் சில கோளங்களே இருந்தன. தொலுயீன் ஆவியாகத் துளி சுருங்கிற்று, கோளங்கள் நெருங்கின. மூன்று முக்கோணமாயின, நான்கு நான்முகியாயின, ஆறு எண்முகியாயின. பதினைந்துவரை, எண்ணிக்கை ஒன்றாயின் வடிவமும் ஒன்றே. கலந்து கிடந்த திரள்களை எண்ணிக்கைவாரியாகப் பிரிக்க அவர்கள் நாடியதும், பெரினைப் போலவே, சுழற்றுபொறியைத்தான்.