கொல்லைப்புறத்துக் கணக்கு

களை பிடுங்குவது எல்லோரும் செய்கிற வேலை. அதை உட்கார்ந்து எண்ணியவரைத் தெரியுமா?

சாட்சாத் சார்லஸ் டார்வின்தான்! 1857-ல், இங்கிலாந்தில் டவுன் என்ற கிராமத்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்தார். எதையும் விதைக்கவில்லை. தானாக முளைத்த ஒவ்வொரு களைக்கும் அடையாளம் வைத்தார். முளைத்தது 357. அதில் 295 காலி! பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்று தீர்த்துவிட்டன. உயிர் பிழைப்பது எத்தனை பெரிய போராட்டம் என்பதற்கு, 1859-ல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்தக் கணக்கையே சாட்சியாக வைத்தார்.

சரி, தின்னப்பட்டதை எண்ணியாச்சு. தின்றவர்களை யார் எண்ணுவது?

அதற்கு 115 வருடம் ஆனது. அதே இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தின் புறநகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியல் அறிஞர் 1972-ல் தன் வீட்டுத் தோட்டத்தில் கணக்கெடுக்க ஆரம்பித்தார். ஏதோ பெரிய எஸ்டேட் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டையும் சேர்த்து 741 சதுர மீட்டர்... நம் கணக்கில் மூன்றே கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. புல்தரை, பூச்செடி, காய்கறிப் பாத்தி, அவ்வளவுதான். ஒரு விஷயம்... பூச்சிமருந்து மட்டும் கிடையாது!

பூச்சிகளைப் பொறிவைத்துப் பிடித்து, இனம் பிரித்து, எழுதிக்கொண்டே போனார். நடுவில் மல்டிபிள் ஸ்க்ளிரோஸிஸ் என்ற நரம்பு நோய் தாக்கி, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். கணக்கு நிற்கவில்லை. 2001 வரை, முப்பது வருடம்!

விடை? செடிகொடிகள் 474 வகை. பூச்சிகள் 1,997 வகை. முதுகெலும்பில்லாத மற்ற உயிர்கள் 138. பறவை, தவளை போன்ற முதுகெலும்பு உள்ளவை 64. ஆகமொத்தம் 2,673!

இதில் இக்நியூமன் குளவிகள் மட்டுமே 533 வகை. நான்கு வகைகள் அதுவரை அறிவியலுக்கே தெரியாதவை! இந்தக் குளவிகள் பெரும்பாலும் புழுக்களின் உடம்பில் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்றே வளரும். அதாவது, இலையைக் கடிக்கப் புழு இல்லையென்றால் குளவியும் இல்லை. மருந்து அடித்த தோட்டத்தில் இந்தக் கணக்கு வந்திருக்குமா?

ஆனால், அந்த நோட்டுக்குள் ஒரு சோகமும் இருக்கிறது. வருடங்கள் போகப்போக அந்துப்பூச்சி போன்றவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மருந்தே படாத தோட்டத்திலும்! வேலிக்கு வெளியே ஊர் மாறினால், உள்ளே இருப்பவை மட்டும் தப்பிக்குமா? 2010-ல் இந்தக் கணக்கு புத்தகமாக வந்தது. அது இல்லாவிட்டால் அங்கே இத்தனை இருந்ததும் தெரிந்திருக்காது, குறைந்ததும் தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டுச் செம்பருத்தி இலையில் ஓட்டை தெரிகிறதா? மருந்து பாட்டிலை எடுப்பதற்கு முன்னால், இலையைத் திருப்பிப் பாருங்கள். யார் இருக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்களேன்!