பீலித் தண்ணிக்கு யார் பொறுப்பு?

பதுளை டவுன்ல குழாய்த் தண்ணிக்குப் பொறுப்பு தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. மேலே லயத்துப் பீலித் தண்ணிக்கு?

வெள்ளைக்காரன் காலத்தில் அது துரையின் பொறுப்பு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இடையில் வந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. நாம ஓட்டுப் போட்டு உறுப்பினரை அனுப்பினோம். அவரும் சட்டத்தைத்தான் காட்டினார்.

2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இனி சாக்குச் சொல்ல முடியாது. பீலித் தண்ணி பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும், கிருமியோ மருந்தோ கண்ணுக்குத் தெரியாது. ஊற்றைச் சுற்றி மருந்தடிக்காதீங்க, தாங்கியை மூடுங்க, தண்ணியைப் பரிசோதிங்க என்று சபைக் கூட்டத்துக்கே போய்க் கேட்போம்.