காவலூர்: ஆடி ஒன்று, கேமரா பல

ஜவ்வாது மலை என்றால் நம்மில் பலருக்குச் சந்தனமரம் ஞாபகம் வரும், தேன் ஞாபகம் வரும், மலையாளி மக்களின் சாமையும் தினையும் ஞாபகம் வரும். இயற்பியல் துறையில் படித்தவர்களுக்கு மட்டும் முதலில் ஞாபகத்துக்கு வருவது காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூரை தெரியுமே, அந்த இடம்தான். நாம் படித்த காலத்தில் அது வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம் ஆயிற்று, 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர்தான் மாறுகிறதே தவிர மலை அங்கேயேதான் இருக்கிறது.

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்க நண்பர்களிடம், "பழைய ஸ்டில் கேமரா லென்ஸை வீடியோ கேமராவில் மாட்டுவது பற்றி எழுதுகிறேன்" என்றேன். "அது தொழில்நுட்பம் ஆச்சே சார், நாங்க கேட்டது வரலாறு" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவே காவலூரை இழுத்து வருகிறேன். ஒரு காலத்துக் கண்ணாடியை எடுத்து, அடுத்த காலத்துக் கேமராவை அதன் பின்னால் மாட்டுவது என்ற வேலையை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக விடாமல் செய்து வருகிற இடம் அது.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுவோம். 1960, 70-களில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பிராக்டிகா கேமராக்கள் நம் ஸ்டூடியோக்காரர்கள் சிலரிடம் இருந்தன. அவற்றில் வந்த டெஸ்ஸார், சோனார் லென்ஸ்கள் யேனா நகரத்து கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் செய்தவை. எம்42 என்கிற திருகு மரை கொண்டவை. அந்த லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். சிசிடிவி கேமராக்களிலும் ஆய்வுக்கூட வீடியோ கேமராக்களிலும் உள்ள சி-மவுண்ட்டுக்கு அந்தத் தூரம் 17.526 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு இரண்டு பக்கமும் மரை போட்ட ஒரு வெற்றுக் குழாய் கடைந்தால் போதும், அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்று. ஆனால் இதைத் திருப்பிச் செய்ய முடியாது. சி-மவுண்ட் லென்ஸை ஸ்டில் கேமராவில் மாட்டினால், அது இருக்க வேண்டிய இடத்தில் கேமராவின் உடம்பே இருக்கும். பெரிய வீட்டுக்காரன் சின்ன வீட்டில் விருந்தாளியாகத் தங்கலாம், சின்ன வீட்டுக்காரனால் பெரிய வீட்டை நிரப்ப முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. 35 எம்.எம். ஃபிலிமின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு அங்குலம் என்று சொல்லப்படும் வீடியோ சில்லின் மூலைவிட்டம் வெறும் 6 மில்லிமீட்டர். லென்ஸ் வரைகிற பெரிய வட்டத்தில் நடுவிலுள்ள பொட்டளவு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். 50 எம்.எம். லென்ஸ் சட்டென்று 360 எம்.எம். லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். கல்யாண வீடியோக்காரருக்கு இது தலைவலி, மண்டபத்தில் பின்னால் நகர இடமிருக்காது. வானம் பார்க்கிறவனுக்கோ கொண்டாட்டம். 135 எம்.எம். சோனாரைப் போட்டால் முழு நிலா அந்தச் சில்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும்.

சரி, காவலூருக்கு வருவோம். டாக்டர் எம்.கே. வைணு பாப்பு 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் போதும். இரவு வானத்துக்குத் தெற்கே வேறோர் இடம் வேண்டும் என்று தேடி, ஜவ்வாது மலையைப் பிடித்தார். காவலூர் பூமத்திய ரேகையிலிருந்து பன்னிரண்டரை பாகைதான் வடக்கே. வட வானமும் தெரியும், தென் வானத்தில் பெரும்பகுதியும் தெரியும். 1968-ல் அங்கே வேலையைத் தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று, அதுவும் நம்மவர்களே செய்தது. பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949-ல், புகைப்படத் தட்டு ஒன்றில் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர். பாப்பு-போக்-நியூகர்க் என்று அதற்குப் பெயர். தட்டின் அருமை தெரிந்த மனிதர். அதே மனிதர்தான் தட்டைத் தாண்டியும் யோசித்தார்.

1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. செய்தவர்கள் யார் தெரியுமா? யேனாவின் அதே கார்ல் ஸைஸ். நம்மூர் ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கிய லென்ஸும், காவலூர் குவிமாடத்துக்குள் நிற்கும் ஒரு மீட்டர் ஆடியும் ஒரே ஊர்ப் பட்டறைச் சரக்கு. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

தொலைநோக்கி வந்த சூட்டோடு சூடாக, 1972 ஜூன் 7-ம் தேதி, வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது. காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் பார்த்தார்கள். ஒளி பளிச்சென்று அணையாமல் சற்றுத் தேய்ந்து அணைந்ததால் கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்க வேண்டும் என்றார்கள். 1979-ல் வாயேஜர் அருகே போய்ப் பார்த்தபோது, அவர்கள் கணித்ததைவிட அது எவ்வளவோ மெலிது என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தைக் கண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இரவில் யாரும் போட்டோ எடுக்கவில்லை. தட்டுக்கு ஒரு குறை உண்டு. அரைமணி நேரம் திறந்து வைத்தால் அரைமணி நேர ஒளியையும் ஒன்றாகக் குவித்துவிடும். எப்போது மங்கியது, எப்போது மீண்டது என்று கேட்டால் பதில் வராது. அதனால் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒளிமானியை மாட்டினார்கள். படம் கிடையாது, ஒரே ஒரு எண், அதுவும் கணத்துக்குக் கணம் மாறுகிற எண். ஸ்டில் கேமராவுக்கும் வீடியோவுக்கும் உள்ள வித்தியாசமே இதுதானே? முன்னாலிருக்கும் ஆடிக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. பின்னால் மாட்டுகிற பொருள்தான் நேரத்தை உள்ளே கொண்டுவருகிறது.

இதன் உச்சம் 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று உலகமெங்கும் காத்திருந்தார்கள். ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த விமானத்தில் தொலைநோக்கியோடு இருந்தார்கள். காவலூரில் அதே 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். குறித்த நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியது. விமானத்தில் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். காவலூர்க்காரர்கள் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி நேச்சர் இதழில் எழுதினார்கள். எலியட் குழுவினருக்குக் கோளின் இரு பக்கமும் ஒத்த மங்கல்கள் கிடைத்ததால், இது வளையம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெயர் அவர்களுக்குப் போயிற்று. "நாமதான் கண்டுபிடிச்சோம்" என்று மேடைகளில் பேசுவார்கள், அதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று உலகம் நம்பிய காலத்தில், ஜவ்வாது மலையில் உட்கார்ந்த இரண்டு பேருடைய கருவியில் யுரேனஸ் வளையத்தின் நிழல் விழுந்து பதிவானது என்பது நிஜம். அதற்குமேல் பெருமை எதற்கு?

தட்டு அதோடு ஓய்ந்துவிடவில்லை. காவலூரில் ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று உண்டு. ஷ்மிட் என்பது அடிப்படையில் ஒரு பெரிய அகலக்கோணக் கேமராதான். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அதைக்கொண்டு ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். 4130 ராமானுஜன் என்று நம் கணித மேதையின் பெயர் வைத்தார்கள். சென்னை வானாய்வகத்தில் போக்ஸன் 1861-ல் ஏஷியா என்ற குறுங்கோளைக் கண்ட பாரம்பரியத்தில் வந்தது இது. அகல வானத்தை ஒரே மூச்சில் அள்ளுவதில் தட்டுக்கு நிகர் அன்று வேறெதுவும் இல்லை.

ஷ்மிட்டில் வேடிக்கை என்னவென்றால், அதன் பிம்பம் தட்டையாக விழாது, கிண்ணத்தின் வெளிப்புறம் மாதிரி வளைந்து விழும். ஃபிலிமை வளைத்துப் பிடித்தால் சரியாகிவிடும். சிலிக்கன் சில்லை வளைக்க முடியுமா? முடியாது. ஆகவே ஷ்மிட்டில் மின்னணுக் கேமரா வைக்க வேண்டுமானால் வளைந்த பிம்பத்தைத் தட்டையாக்க முன்னால் ஒரு லென்ஸ் வேண்டும். வெற்றுக் குழாய் அடாப்டர் இங்கே உதவாது.

சிசிடி என்ற அந்தச் சில்லை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். நோபல் பரிசு வந்து சேர நாற்பது வருஷம், 2009 ஆயிற்று. ஏன் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள் என்றால், நூறு ஒளித்துகள் விழுந்தால் தட்டு ஒன்றிரண்டைத்தான் பதிவு செய்யும். நல்ல சிசிடி எழுபது எண்பதைப் பிடித்துவிடும். அதாவது பின்னால் உள்ள கேமராவை மாற்றினாலே, சின்னத் தொலைநோக்கி ஒரேயடியாகப் பெரிய தொலைநோக்கி ஆகிவிட்ட மாதிரி. ஆடியைத் தொடவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கிப் பெரிய ஆடி செய்ய வசதியில்லாத நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் தொந்தரவு. மலைக்கு மேலே நைட்ரஜன் ஏற்றிப்போவதும் ஒரு தனி வேலை.

பாப்புவின் கனவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் காலமானார். அந்த ஆடியைத் தேய்த்து மெருகிட்டது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையில். 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். 2016-ல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் வரும்வரை இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி அதுதான்.

அந்தத் தொலைநோக்கியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், மாணவர்களுக்குப் பிடிக்கும். முதன்மைக் குவியம் எஃப் 3.25. அப்படியானால் குவியத்தூரம் 7.6 மீட்டர். நிலாவின் பிம்பம் அங்கே கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் அகலம் விழும். பெரிய தட்டில் தாராளமாக அடங்கும். ஆனால் 24 மைக்ரான் புள்ளிகள் 1024-க்கு 1024 கொண்ட சிசிடி இரண்டரை சென்டிமீட்டர்தான். நிலாவில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். சிசிடிவியில் மாட்டிய பிராக்டிகா லென்ஸின் கதையேதான், அளவு மட்டும் பெரிது. இன்னொரு ஆடியை இடையில் வைத்துக் காஸகிரேன் குவியத்துக்குப் போனால் எஃப் 13, நான்கு மடங்கு நீளம். போட்டோக்காரர்கள் டெலி-கன்வெர்ட்டர் போடுவது இதைத்தான்.

2005 வாக்கில் இன்னொரு படி போனார்கள். நிறமாலைமானியைத் தொலைநோக்கியில் தொங்கவிடாமல் கீழே ஓர் அறையில் அசையாமல் வைத்துவிட்டு, முதன்மைக் குவியத்திலிருந்து சுமார் 45 மீட்டர் நீள ஒளியிழை ஒன்றில் நட்சத்திர ஒளியை இறக்கினார்கள். இழையின் தடிமன் 100 மைக்ரான். தலைமுடி அளவு அடாப்டர்! இதைக் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை.

வெளி உலகத்தில் என்ன நடந்தது? 1997-ல் கேனன் எக்ஸ்.எல்.1 வீடியோ கேமராவுக்கு ஸ்டில் லென்ஸ் மாட்டும் அடாப்டர் வந்தது. 2008-ல் ஸ்டில் கேமராவே முழு அளவு சில்லில் வீடியோ எடுக்கத் தொடங்கியதும் பாதி அடாப்டர்கள் அலமாரிக்குப் போயின. 2012-ல் வந்த 'வழக்கு எண் 18/9' படத்தை ஸ்டில் கேமராவிலேயே எடுத்தார்கள். பழைய எம்42 லென்ஸ்களுக்கு இப்போது மறுபடியும் கிராக்கி. நம் பழைய மாணவர் ஒருவர் பழைய சாமான் கடையில் எடை போட்டு விற்றது இன்று இணையத்தில் ஆயிரக்கணக்கில் போகிறது. மனிதர் பெயரைச் சொல்லவில்லை, கூட்டத்துக்கு வருவார், அவரே சொல்லட்டும்.

காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கிக்கு 2022 டிசம்பரில் பொன்விழா கொண்டாடினார்கள். தட்டு, ஒளிமானி, சிசிடி என்று பின்பக்கம் எத்தனையோ மாறியும் யேனாவில் செய்த அதே ஆடி. பட்டாச்சார்யா பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி 2014 முதல் பக்கத்தில் நிற்கிறது. எனக்குள்ள கவலை ஆடியைப் பற்றி இல்லை, வானத்தைப் பற்றி. சில்லு எவ்வளவு கூர்மையானதோ, அடிவாரத்து ஊர்களின் விளக்கு வெளிச்சத்தையும் அவ்வளவு கூர்மையாகப் பதிவு செய்யும். அதற்கு எந்த அடாப்டரும் கிடையாது. இருண்ட வானம் தேடித்தான் இந்த நிறுவனமே 4,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் ஹான்லேக்குப் போயிற்று. ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருண்ட வானக் காப்பகம் அறிவித்தார்கள். ஜவ்வாது மலைக்கும் அப்படி ஒன்று கேட்க நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வாய் இல்லையா என்ன?

இயற்பியல் துறை மாணவர்களுக்கு ஒரு சேதி. ஆய்வுக்கூட அலமாரியில் பழைய லென்ஸ்கள் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டறையில் 28 மில்லிமீட்டர் குழாய் ஒன்று கடைந்து, ஒரு பழைய சிசிடிவி கேமராவில் மாட்டி, நிலா நட்சத்திரத்தை மறைக்கும் இரவில் மாடியில் வையுங்கள். எந்த விநாடியில் மறைந்தது என்று பதிவாகும், நேரம் மட்டும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் கடையும் செலவை எங்கள் வருடத்து ஆட்கள் பார்த்துக்கொள்கிறோம்.