பாலம் கொணர்ந்த வேகம்: சுள்ளிக்கல் சாலைச் சீரமைப்பு குறித்து

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளைச் சுற்றிப் பார்த்தவர்கள், அவற்றின் மெய்யான தலைவாசல் காயற்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கக்கூடும். மிளகும் சுக்கும் ஏற்றிய வள்ளங்கள் அந்தப் படித்துறைகளில்தான் அணைந்தன. தெரு கைவண்டிக்கும் தலைச்சுமைக்கும் இடங்கொடுத்தால் அதுவே போதும் என்பது அக்காலத்து அபிப்பிராயம். 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுக எஞ்சினீயர் ராபர்ட் பிரிஸ்டோ, காயலைத் தூர்வாரிய மண்ணால் வில்லிங்டன் தீவை விரித்தெடுத்து, 1940களின் தொடக்கத்தில் அத்தீவையும் தோப்பும்படியையும் தூக்குப் பாலத்தால் பிணைத்தபோது, நீர்முகமாக இருந்த ஊர் நிலமுகமாகத் திரும்பிற்று. திரும்பிய வழியில், தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையிலுள்ள சுள்ளிக்கல் சாலை அகப்பட்டுக்கொண்டது.

அச்சாலையின் இன்றைய சங்கடத்தை இந்தச் சரித்திரத்தினின்று பிரித்து ஆராய்வதால் பயனில்லை. மட்டாஞ்சேரிக்கும் கொச்சிக்கோட்டைக்கும் செல்லும் பஸ்களும், சரக்கு லாரிகளும், யாத்திரிகர்களின் கார்களும், 2001இல் இரண்டாவது பாலம் ஏற்பட்டபின் இன்னும் பெருகி, கடைப்படிகளை உரசுவதுபோல் செல்கின்றன. சாலையை அகலப்படுத்திவிடலாம் என்பது எல்லார் வாயிலும் வரும் யோசனை. அதை நான் ஏற்கவில்லை. இருமருங்கிலும் கடைகளை இடித்து நாலு கெஜம் கூட்டினாலும், பாலத்தின் வாயும் தோப்பும்படிச் சந்திப்பும் பழைய அளவிலேயே நிற்பதால், வண்டிகள் வரிசையின் வாலை முன்னிலும் சீக்கிரமாகச் சென்று பிடிக்குமேயன்றி வரிசை குறையாது. இடையில் கிடைத்த அந்த வேகத்துக்கு விலை கொடுப்பவரோ, குறுக்கே கடக்கும் மனிதர்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுகிறவர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் ஒரு வினாடிக்குள் சுமார் 8 மீட்டர் ஓடிவிடுகிறது. 60இல் ஏறக்குறைய 17 மீட்டர். மிதித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி நான்கு மடங்காகிறது. இடவப்பாதி மழையும் துலாவர்ஷ மழையும் மாறி மாறித் தார்ச்சாலையை நனைக்கும் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும்.

நடைபாதை என்று பெயர் பெற்றிருப்பது பெரும்பாலும் சாக்கடையை மூடிய கான்கிரீட் பலகைகளின் வரிசைதான். ஒரு பலகை விளிம்பில் உடைந்திருக்கும். அடுத்தது இரண்டு விரற்கடை எழும்பியிருக்கும். மூன்றாவதன்மேல் ஸ்கூட்டர் நிற்கும். காய்கறிப் பையோடு வரும் மூதாட்டி அந்த மூன்றாவது பலகையருகே சாலைக்கு இறங்குகிறாள். பின்னால் வரும் பஸ் அவள் கண்ணில் படுவதில்லை. சாலையின் நடுக்கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கும் நம் எஞ்சினீயர்கள், அவள் இறங்கிய ஓரத்திலிருந்து தொடங்குவார்களாயின், பலகைகளை ஒரே மட்டமாக்குவதும், கடக்குமிடத்தைச் சற்றே உயர்ந்த மேடையாகக் கட்டுவதும் (ஜீப்ரா கோட்டின் பெயிண்டை மழை கரைத்துவிடும், மேடையைக் கரைக்காது) முதல் வேலைகளாகிவிடும். பஸ் நிறுத்தத்தைக் கடவைக்கு முன்னால் வைக்காமல் தாண்டி வைத்தால், இறங்கிய பிரயாணி நிற்கும் பஸ்ஸின் முன்னால் ஓடாமல் பின்புறமாகக் கடப்பார். செலவு அற்பம், ஆயினும் அடிக்கல் நாட்டு விழாவுக்கு இவற்றில் இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. கோவை எலும்பு வைத்தியர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதை உரிமையை 2025 மே மாதம் அரசியலமைப்பின் 21ஆம் ஷரத்தோடு சேர்த்தது உச்ச நீதிமன்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் புகுந்த 198அ பிரிவோ, சாலை அமைப்பின் குறையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பாளிக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிப்பதுடன், எத்தகைய போக்குவரத்தை எதிர்பார்த்து அச்சாலை வகுக்கப்பட்டது என்பதையும் கருதச் சொல்கிறது. சுள்ளிக்கல்லைக் குறித்து இக்கேள்வி எழுந்தால், கைவண்டியை எதிர்பார்த்து என்று பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே அளவெடுக்கும் முறையே மாற வேண்டும். போக்குவரத்துக் கணக்கில் பஸ்ஸைக் காரின் மடங்காகவும் சைக்கிளைக் காரின் பின்னமாகவும் எழுதுகிறார்கள்; நடப்பவருக்கு அப்பட்டியலில் எண்ணே கிடையாது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ படகுத்துறை திறக்கப்பட்டு, ஊர் மறுபடியும் நீர்ப்பக்கம் முகந்திருப்பிய இத்தருணத்தில், சுள்ளிக்கல்லிலிருந்து அத்துறைக்கு நடந்து செல்பவர்களை ஒரு வாரகாலம் காலையும் மாலையும் நின்று எண்ணிவிட்டுப் பிறகு அகலத்தைப் பற்றிப் பேசலாம்.