ஒட்டிக்கொண்டு வந்ததைக் கழற்றிய கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு நைட் டூட்டி. பாம்புக்கடிக்கு போடுற ஏஎஸ்வி ஊசி எந்த ரூமுக்கு மாத்தி வெச்சிருக்காங்கன்னு எங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது. ரோஜாப்பூ வாழ்த்துகளுக்கும் ஃபார்வர்டு வீடியோக்களுக்கும் நடுவே அது புதைஞ்சு கிடந்தது. நான் பார்க்க நாற்பது நிமிஷம் ஆச்சு. நல்லவேளை, அன்னிக்கு பாம்புக்கடி கேஸ் வரலை.

இது நமக்குத்தான் புதுசு. மின்னஞ்சல் குழுக்கள் முப்பது வருஷத்துக்கு முன்பே பட்ட பாடு இது.

முதலில் மின்னஞ்சலில் வெறும் ஆங்கில எழுத்து மட்டும்தான் போகும். நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் 'மைம்' என்ற முறையை உருவாக்கினார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் அஞ்சலில் இணைத்து அனுப்பினார். இன்றைய அட்டாச்மென்ட்டுக்கெல்லாம் அதுதான் தாத்தா. தமிழ் எழுத்து அஞ்சலில் ஒழுங்காகப் போவதும் மைம் புண்ணியம்தான்.

வசதியோடு பாரமும் வந்தது. இணைப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் பயணத்துக்காக நான்கு எழுத்தாக மாறும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

இந்த பாரம் மருத்துவத்தை எப்படித் தொட்டது?

1994இல் 'ப்ரோமெட்' தொடங்கியது. எங்கே புது நோய் தலைகாட்டினாலும் மருத்துவர்களுக்குச் சொல்லும் மின்னஞ்சல் குழு. தொடக்க ஆண்டுகளில் அதைத் தாங்கியது 'சாட்டலைஃப்' அமைப்பு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் டிசி டிஃபிப்ரிலேட்டரைத் தந்த டாக்டர் பெர்னார்ட் லவுன் நிறுவியது. ஏழை நாட்டு டாக்டர்களுக்கு மோடம் வழியாகவும் சின்ன செயற்கைக்கோள் வழியாகவும் அஞ்சல் சேர்த்தார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 2 கேபி எழுத்துக் கடிதம் வந்து சேர சுமார் 2 வினாடி. அதே லைனில் 1 எம்பி படம் வர சுமார் 19 நிமிஷம்! அதனால்தான் ப்ரோமெட் அஞ்சல்கள் வெறும் எழுத்தாகவே வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்கிறேன்.

பாரம் போதாதென்று ஆபத்தும் வந்தது. 1999 மார்ச்சில் 'மெலிசா' வைரஸ். வேர்ட் ஃபைலைத் திறந்தால், முகவரிப் புத்தகத்தில் இருக்கும் முதல் 50 பேருக்கு தானே போகும். அந்த 50இல் ஒன்று குழு முகவரி என்றால்? மொத்தக் குழுவுக்கும் தொற்று. 2000 மே 4இல் 'ஐ லவ் யூ'. காதல் கடிதம் மாதிரி வந்த இணைப்பு. விண்டோஸ் அதன் கடைசி மூன்று எழுத்தை மறைத்துவிட்டதால், வெறும் எழுத்து ஃபைல் என்று நம்பி திறந்தார்கள். பிரிட்டன் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்த வேண்டியதாயிற்று.

மருந்து என்ன? வடிகட்டி.

2002 கடைசியில் வந்த 'மெயில்மேன் 2.1' என்ற இலவச மென்பொருளில் குழு நடத்துபவரே விதி போடலாம். எழுத்து உள்ளே, மற்ற இணைப்பு வெளியே. ஒரே கடிதம் அலங்காரத்தோடும் இல்லாமலும் இரட்டையாக வந்தால் ஒன்று போதும். அலங்காரம் மட்டும் வந்தால், அதைக் களைந்து எழுத்தை எடு. எங்க கேஷுவாலிட்டியில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் ட்ரையாஜ் மாதிரியேதான்.

வடிகட்டியபின் ஒன்றுமே மிஞ்சாவிட்டால்? சத்தமில்லாமல் குப்பையில் போடலாம், அனுப்பியவருக்கே திருப்பலாம், இல்லை நிர்வாகியிடம் தள்ளலாம். என்னைக் கேட்டால் முதல் வழி ஆபத்து. ட்ரையாஜில் யாரையும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் இல்லையா?

2003 பிப்ரவரி 10. சீனாவின் குவாங்சோவில் மருத்துவமனைகளை மூடிவிட்டார்களாம், மக்கள் சாகிறார்களாம், யாருக்காவது தெரியுமா என்று டாக்டர் ஸ்டீபன் கனியன் கேட்ட சின்னக் கேள்வி ப்ரோமெட்டில் வந்தது. படம் இல்லை, வண்ணம் இல்லை. சில வரி எழுத்து. அதுதான் பின்னாளில் 774 உயிர்களைக் குடித்த சார்ஸ்.

அந்தச் சில வரி வாழ்த்துப் படங்களுக்கு நடுவே புதைந்திருந்தால்?

அதனால் ஒரு வேண்டுகோள். அவசரச் செய்தியை ஃபோட்டோவாகப் போடாமல் டைப் பண்ணுங்க. முக்கியமானது முதல் வரியில் இருக்கட்டும். வாழ்த்துக்கு தனிக் குழு வெச்சுக்கோங்க. ரோஜாப்பூ மேல எனக்குக் கோபமில்லை. ஏஎஸ்வி எங்கே இருக்குன்னு உடனே தெரியணும், அவ்வளவுதான்.