வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு: நெய்யூர் முதல் திருவனந்தபுரம் வரை

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். நுரையீரலைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். வாயைப் பார்க்க என்ன வேண்டும்? ஒரு டார்ச் லைட் போதும்! அப்படியிருந்தும் வாய்ப்புற்று நோயாளிகளில் பலர் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இந்த முரண்பாட்டுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

நெய்யூர் மருத்துவமனை

நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பெண்டால் என்ற மருத்துவர், 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது வாய்ப்புற்று. அதே ஊரிலிருந்து ஓர் என்ற மருத்துவர் 1933-ல் லான்செட் இதழில், வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற சோமர்வெல் பல ஆண்டுகள் கத்தி பிடித்ததும் இதே மருத்துவமனையில்தான்.

காரணம் ஓரளவு பிடிபட்டது. ஆனால் அந்த மருத்துவர்கள் பார்த்தது பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயத்தை! முதல் அத்தியாயம் எங்கே?

பெயர் வைத்தவர்கள்

அதற்கான பெயர் முன்பே ஐரோப்பாவில் இருந்தது. புடாபெஸ்டைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஷ்விம்மர், வாயில் தோன்றும் வெண்திட்டுக்கு 1877-ல் 'லியூக்கோபிளேக்கியா' என்று பெயரிட்டார். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் வாய் சரியாகத் திறக்க முடியாத ஒரு நோயைக் கண்டார். மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி அதையே விவரித்தார். கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிப்போகும் இந்த நோய்க்குக் காரணம் பாக்கு என்பது பின்னாளில் உறுதியானது.

ஆனால் வாயில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றா? இங்கேதான் சிக்கல்.

துடைத்தால் வந்துவிடும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. வலை பின்னியது போல மெல்லிய வெண்கோடுகள் இரண்டு கன்னங்களிலும் தெரிந்தால் அது லைக்கன் பிளானஸாக இருக்கலாம். சிறியதாய், வட்டமாய், தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் புண் பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண். ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறிவிடும். துடைத்தாலும் போகாத, வேறு எந்த நோயென்றும் சொல்ல முடியாத வெண்திட்டுதான் லியூக்கோபிளேக்கியா. அதாவது, மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது! வெள்ளையை விட ஆபத்தானது வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு. சந்தேகம் இருந்தால் துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பயாப்சிதான் முடிவு சொல்லும்.

வலி இல்லாததே இந்தத் திட்டுகளின் பெரிய ஆபத்து. வலிக்கும் புண்ணுக்கு எல்லோரும் மருந்து தேடுவார்கள், வலிக்காத திட்டை யார் தேடுவார்கள்?

கிராமங்களுக்குச் சென்ற டார்ச் லைட்

1966-ல் பம்பாயைச் சேர்ந்த பாலி மேத்தாவும் டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்போர்க்கும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். ஐந்து மாவட்டங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்களின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. எர்ணாகுளம் உள்ளிட்ட சில மாவட்டங்களில் அதே மக்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது ஓர் உண்மை தெரிந்தது. புற்று திடீரென முளைப்பதில்லை. முன்னதாகவே ஒரு திட்டோ இறுக்கமோ இருந்திருக்கிறது. தொலைந்த முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது!

அப்படியானால் அதைக் கண்டுபிடிக்க டாக்டர்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்று இலங்கையில் நடந்த ஆய்வு 1984-ல் காட்டியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இவற்றை அடையாளம் காண முடிந்தது.

1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் பெரிய சோதனை தொடங்கியது. 7 பஞ்சாயத்துகளில் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். மற்ற 6 பஞ்சாயத்துகளில் வழக்கமான சிகிச்சை வசதி மட்டும். 2005-ல் லான்செட்டில் முடிவு வெளியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த ஊர்களில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை. ஆகவே யாருடைய வாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த ஆய்வே சொல்லிவிட்டது.

நெய்யூரிலிருந்து திருவனந்தபுரம் அதிக தூரமில்லை. ஆனால் முற்றிய புற்றை அறுத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து, வீட்டுத் திண்ணையிலேயே திட்டைக் கண்டுபிடிக்கும் காலத்துக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத திட்டு, நாளுக்கு நாள் சுருங்கும் வாய்... இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடம் போக வேண்டும். வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்திருக்கும் பாட்டியிடமும், பான் மசாலா பாக்கெட்டைப் பையில் வைத்திருக்கும் நண்பனிடமும் ஒருமுறை சொல்லலாம்: கொஞ்சம் 'ஆ' காட்டு!