கொண்டலும் கொண்டாப்பூரும்: ஐதராபாத்து மழை முன்னறிவிப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

இந்தியாவில் வானிலை முன்னறிவிப்பின் வரலாறு துறைமுகங்களிலிருந்தே தொடங்குகிறது. 1864-இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியதையடுத்து, 1865-இல் அத்துறைமுகத்திற்கெனப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை தோற்றம் பெற்றது. கப்பல்களைக் காப்பதே எச்சரிக்கையின் முதல் நோக்கமாக அமைந்தமையால், கடலிலிருந்து விலகியிருந்த தக்காண நகரங்களின் தேவை பிற்பட்டே உணரப்பட்டது. இவ்வுண்மையை ஐதராபாத்து நகரத்தின் மழை வரலாறும், இன்று அந்நகரின் மேற்குப் பகுதியாகிவிட்ட கொண்டாப்பூரின் நிலையும் தெளிவுபடுத்துகின்றன. (சங்காரெட்டி மாவட்டத்தில் சாதவாகனர் காலத் தடயங்கள் கிடைத்த கொண்டாப்பூர் வேறு, பெயரொற்றுமையால் மயங்குதல் கூடாது.)

காற்றும் பெயரும்

பழந்தமிழர் காற்றை அது வரும் திசையால் பிரித்துக் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வழங்கினர். இவற்றுள் கொண்டல் என்னும் சொல் மேகத்தையும் குறிப்பது எண்ணத்தக்கது. கீழ்க்காற்றும் மழைமுகிலும் ஒரே சொல்லில் அடங்கியமை வெறும் சொல்லழகன்று. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆதலின் அதன் வடபுறத்தில் கீழ்க்காற்றே வீசும். அக்காற்று கடலின் ஈரத்தை நிலத்தின் உட்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஐதராபாத்து தன் மழையில் பெரும்பங்கைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெறுகிறது. எனினும் அந்நகரின் பேரிடர்களுட் சில, அப்பருவம் முடியும் தறுவாயில் இக்கீழ்த்திசைத் தாழ்வு மண்டலங்களால் விளைந்தவையாகும்.

1908: மூசி வெள்ளம்

1908 செப்டம்பர் 28 அன்று, தமிழ்க் கணக்கில் கார்காலத்தின் இறுதியாகிய புரட்டாசியில், மூசி ஆறு பெருக்கெடுத்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. சம்சாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவாயிற்று. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளுள் 221 உடைந்தன. நகரை அழித்தது அதன் தலைமேல் பெய்த மழை மட்டும் அன்று. மேட்டுப்பகுதியில் பெய்த மழையும், ஒன்றன்பின் ஒன்றாக உடைந்த ஏரிகளின் நீரும் சேர்ந்தே அழிவை விளைத்தன. எனவே அன்று நகருக்குத் தேவைப்பட்டது வானத்தைப் பற்றிய செய்தியைக் காட்டிலும், மேலே எந்த ஏரி நிரம்பியது, எந்தக் கரை நெகிழ்ந்தது என்னும் செய்தியே எனலாம். வெள்ளத் தடுப்புக்கெனப் பொறியாளர் விசுவேசுவரய்யா வகுத்தளித்த திட்டத்தின் பயனாக 1920-இல் மூசியின் குறுக்கே உசுமான் சாகரும், 1927-இல் ஈசி ஆற்றின் குறுக்கே இமாயத் சாகரும் நிறைவெய்தின.

1901-இல் நவாபு சாபர் சங்கு என்பவரால் தொடங்கப்பட்ட நிசாமியா வானாய்வுக் கூடம் விண்மீன் ஆய்வையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அதன் சிறப்பு வேறு துறையைச் சார்ந்தது.

ஓர் ஊர், பல மழை

பேகம்பேட்டை நிலையத்தின் அளவே நெடுங்காலமாக ஐதராபாத்தின் மழையளவாகக் கொள்ளப்பட்டு வருகிறது. கொண்டாப்பூரோ அங்கிருந்து சற்றேறக்குறைய 10 கி.மீ. மேற்கே உள்ளது. இடிமழை தரும் தனி முகில் ஒன்றின் அகலம் பெரும்பாலும் சில கி.மீ. மட்டுமே ஆதலின், ஓரிடத்து அளவு மற்றோரிடத்துக்குப் பொருந்துவது தற்செயலே. 2020 அக்டோபர் 13 அன்று காக்கிநாடா அருகே கரையைக் கடந்த தாழ்வு மண்டலத்தால் பேகம்பேட்டையில் சுமார் 19 செ.மீ. மழை பதிவானது, நகரின் கிழக்கே உள்ள கட்கேசரிலோ 32 செ.மீ. பதிவாயிற்று. தெலங்கானா மாநிலம் முழுவதும் தானியங்கி வானிலை நிலையங்கள் பல நிறுவப்பட்டிருந்தமையால்தான் இவ்வேறுபாடு உடனுக்குடன் புலப்பட்டது. 1908-இல் இத்தகைய வாய்ப்பு இல்லை.

அறிக்கையின் சொற்கள்

அளக்கும் கருவி பெருகிய அளவிற்கு அறிக்கையின் மொழி விளங்கிற்றா என்பது ஐயத்திற்குரியது. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்னும் தொடரைப் பலரும் ‘மழை வந்தாலும் வரலாம்’ எனப் பொருள் கொள்கின்றனர். அத்தொடர் மழையின் பரப்பைக் குறிப்பதேயன்றி அதன் உறுதியைக் குறிப்பதன்று: அப்பகுதி நிலையங்களுள் 25 விழுக்காடு வரையிலானவற்றில் மட்டும் மழை பெய்யும் என்பதே அதன் வரையறை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலையங்களைச் சுட்டும். இவ்வாறே ‘கனமழை’ என்பதும் புனைந்துரையன்று. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதையே அது குறிக்கும். 204.4 மி.மீ.க்கு மேற்பட்டது அதி கனமழை. நாளிதழ்கள் இச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரையறைகளை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

கொண்டாப்பூரில் இதனினும் எளிய ஓர் இடர்ப்பாடு உண்டு. மாவட்ட வாரியாக வெளிவரும் முன்னறிவிப்பில் அங்கு வாழ்வோர் இயல்பாக ‘ஐதராபாத்து’ என்னும் வரியையே தேடுவர். சேரிலிங்கம்பள்ளி மண்டலத்தைச் சேர்ந்த அவ்வூர் நிருவாக எல்லையில் அடங்குவதோ ரங்காரெட்டி மாவட்டத்தில்.